கலந்து வளர்ப்பதா, பிரித்து வளர்ப்பதா: இட்லி மாவின் போட்டியை அளக்க எந்த வழி?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் முதுநிலை நுண்ணுயிரியல் படிப்பவர்கள் கடைசிப் பருவத்து ஆய்வுத் தலைப்புகளைக் கொண்டுவரும்போது, அவற்றில் ஒன்றாவது இட்லி மாவைப் பற்றியதாக இருக்கும். நல்ல தலைப்பு. பொருள் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது, செலவு குறைவு, கேள்வியும் உண்மையானது. அரிசியோடும் உளுந்தோடும் பல இனப் பாக்டீரியாக்கள் மாவுக்குள் வந்துசேர்கின்றன. அவற்றில் எது பெருகுகிறது, எது பின்தங்குகிறது, ஏன்? இதுவரை சிக்கல் இல்லை. போட்டியை எப்படி அளப்பது என்று முடிவெடுக்கும்போதுதான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

இரண்டு இனங்களையும் ஒரே குடுவையில் கலந்துவிடலாம். நடுவே சவ்வு வைத்துப் பிரிக்கலாம். ஒன்று வளர்ந்து முடித்த ஊடகத்தை, அதாவது வளர்ப்புக் கரைசலை, வடிகட்டி, அந்த வடிநீரில் மற்றதை வளர்க்கலாம். அசையாத, கெட்டியான ஊடகத்தில் அருகருகே வளரவும் விடலாம். இவை நான்கும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருபவை. ஒரு பருவத்துக்குள் நான்கையும் ஒழுங்காகச் செய்து முடிக்க முடியாது. என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கலந்து வளர்ப்பதில் தொடங்குங்கள், அதுவும் குலுக்காமல். வடிநீரும் சவ்வும் அதற்குப் பிறகு.

தனித்தனியே வளர்த்து, வேகமாகப் பெருகுவதே ஜெயிக்கும் என்று எழுதிவிடும் வழி ஒன்றும் உண்டு. அதை ஒரு தேர்வாகவே நான் எண்ணுவதில்லை. ரஷ்ய அறிஞர் காஸே 1930-களில் பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரியை வைத்து வெளியிட்ட சோதனைகளே இதற்குப் போதுமான மறுப்பு. பாரமீசியம் அவுரேலியா, பாரமீசியம் காடேட்டம் என்ற இரண்டு இனங்களும் தனித்தனிக் குழாயில் நன்றாகவே வளர்ந்தன. சேர்த்து விட்டபோது காடேட்டம் படிப்படியாகக் குறைந்து மறைந்தது. அதே காடேட்டத்தைப் பர்சேரியா என்ற இன்னோர் இனத்தோடு விட்டபோது இரண்டும் நிலைத்தன. ஒன்று மேல்நீரில் மிதந்த பாக்டீரியாவையும் மற்றது அடியில் படிந்த ஈஸ்ட்டையும் உண்டு பிழைத்தன. காடேட்டத்தின் தனி வளர்ச்சிக் கோட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த இரண்டு முடிவுகளில் ஒன்றைக்கூட முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

பழ ஈயில் கிடைத்த சான்று இன்னும் அழுத்தமானது. 1975-இல் மொராட்டா, ரிபோல் என்ற இருவர், மினிட் என்னும் மரபுப் பிறழ்வு கொண்ட செல்களை ஆராய்ந்தார்கள். உடல் முழுவதும் அந்தச் செல்களாகவே இருந்தால் ஈ கொஞ்சம் தாமதமாக வளரும். ஆனால் உயிரோடு இருக்கும், முழுமையான இறக்கையும் முளைக்கும். இறக்கையாகப் போகும் திசுவில் இயல்பான செல்களோடு அவை கலந்திருந்தாலோ கொஞ்சம் கொஞ்சமாக நீக்கப்பட்டுவிடும். தனியே பிழைக்கத் தெரிந்த செல், அண்டை செல்லின் வலுவால் அழிகிறது. கலந்து பார்க்காமல் இந்தச் செய்தி ஒருநாளும் வெளிவந்திராது.

மாவுக்கு வருவோம். 1965-இல் வெளியான ஆய்வு முதலே, மாவைப் பொங்கவைப்பதில் முதன்மையான பங்கு லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்று அறியப்பட்டிருக்கிறது. சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடையும் விடும் இனம் அது. கூடவே ஊறவைக்கும்போதே பெருகத் தொடங்கும் இன்னோர் இனம் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ். அது அமிலம் சேர்க்கும், வாயு விடாது. மாவை மேலும் புளிக்கவிட்டால் இவை இரண்டும் தளர்ந்து பீடியோகாக்கஸ் தலைதூக்கும். முதல் இரண்டையும் இணையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. ஒரே நேரத்தில் ஒரே உணவுக்குப் போட்டியிடுபவை அவைதாம். அதைவிட முக்கியமாக, அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து எண்ண எளிய வழி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது வடிநீர் முறையில். 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியும் ஒரு சிரிஞ்சும் இருந்தால் போதும். இரண்டு நாளில் படம் வரைய ஏதாவது கிடைத்துவிடும். ஆனால் நான்கு வழிகளில் மிக எளிதாகத் தவறான முடிவுக்குக் கொண்டுபோவதும் இதுதான். "சார், வடிநீர் விட்ட குழாயில் எதிரி வளரவே இல்லை. நச்சு இருக்கிறது என்று எழுதிவிடலாமா?" என்று ஒரு மாணவர் ஆவலோடு கேட்டார். "பி.எச். பார்த்தீர்களா தம்பி?" என்றேன். பார்த்தபோது அமிலம் ஏறிக் கிடந்தது. லாக்டிக் அமிலப் பாக்டீரியா வளர்ந்து முடித்த நீரில் சர்க்கரை தீர்ந்திருக்கும், அமிலம் மிகுந்திருக்கும். காற்றுப்பட்டிருந்தால் சில இனங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்திருக்கும். இந்த மூன்றையும் விலக்கிய பிறகும் தடை நீடித்தால்தான் நச்சைப் பற்றிப் பேச முடியும்.

ஆகவே வடிநீரை ஒரே குழாயில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு பங்கில் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டுப் பி.எச். அளவைத் தொடக்க நிலைக்கே கொண்டுவாருங்கள். இன்னொரு பங்கில் அதோடு சர்க்கரையும் ஊட்டச்சத்தும் திரும்பச் சேருங்கள். மூன்றாவதில் கேட்டலேஸ் நொதி. அது பெராக்சைடைச் சிதைக்கும். நான்காவதில் புரதத்தை அறுக்கும் நொதி. மற்ற எல்லாப் பங்குகளிலும் தடை நீடித்து, நான்காவதில் மட்டும் நீங்கினால், பாக்டீரியோசின் என்ற புரத நச்சு அங்கே இருக்கிறது என்று துணிந்து எழுதலாம். 1928-லேயே கவனிக்கப்பட்டு இன்று உணவுப் பாதுகாப்புப் பொருளாக இருக்கும் நிசின் அந்த வகையைச் சேர்ந்தது. பெரும்பாலும் அமிலத்தைச் சரிசெய்த முதல் பங்கிலேயே தடை மறைந்துவிடும். அதுவும் ஒரு முடிவுதான், சலித்துக்கொள்ள வேண்டாம். அமிலத்தால் எதிரியை அடக்குவதும் போட்டியின் ஒரு வழியே. காஸே ஈஸ்ட் இனங்களை வைத்துச் செய்த சோதனையிலும், ஒன்று வெளிவிட்ட ஆல்கஹால் மற்றதை அடக்கியதைத்தான் கண்டார்.

இந்த முறையின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. தனியே வளர்ந்த பாக்டீரியாவின் வடிநீரைத்தான் நாம் எடுக்கிறோம். எதிரி பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே நச்சு சுரக்கும் இனங்கள் உண்டு. தனியே வளரும்போது அவை அடங்கியிருக்கும். தொட்டால் மட்டுமே தாக்குகிறவையும் உண்டு. ஈ.கோலை பாக்டீரியாவில் தொடுகையால் வளர்ச்சியைத் தடுக்கும் இயக்கம் 2005-இல் கண்டறியப்பட்டது. அந்த இனத்தின் வடிநீர் எதிரியை ஒன்றும் செய்யவில்லை. இடையில் சவ்வு வைத்தபோதும் எதிரி தப்பியது. கலந்தபோது மட்டும் அடங்கியது. வடிநீரை மட்டும் பார்த்தவர் 'போட்டியே இல்லை' என்று எழுதியிருப்பார்.

சவ்வு முறை இதைவிட நேர்மையானது. இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன. ஒன்றின் சுரப்பு மற்றதைச் சென்றடைகிறது. தொடுகை மட்டும் இல்லை. கலந்து வளர்த்த முடிவையும் சவ்வு வைத்த முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தொடுகையின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் ஆயத்தமாக விற்கும் சவ்வுக் கிண்ணங்கள் விலை கூடியவை, கொள்ளளவும் சிறிது. விலங்குச் செல்களுக்கு வழக்கமாகப் பயன்படும் 0.4 மைக்ரோமீட்டர் துளையைவிட, பாக்டீரியாவுக்கு 0.2 பாதுகாப்பானது. நம் வட்டாரக் கல்லூரி ஆய்வகத்தில் இதற்கு மாற்றாக டயாலிசிஸ் குழாயைச் சொல்வேன். ஒரு சாண் வெட்டி, கொதிக்க வைத்து, ஒரு முனையை முடிந்து, உள்ளே ஓர் இனத்தை நிரப்பி, மற்ற இனம் இருக்கும் குடுவைக்குள் தொங்கவிட்டால் போதும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. வழக்கமான குழாய் 12,000 முதல் 14,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையுள்ள மூலக்கூறுகளையே கடக்கவிடும். அமிலம் போகும், 3,350 டால்டன் அளவிலான நிசினும் போகும்; ஈ.கோலை சுரக்கும் கோலிசின் என்ற புரத நச்சுகள் பெரும்பாலும் 40,000-க்கும் மேல், அவை உள்ளேயே நின்றுவிடும். இந்தக் குழாயில் தடை காணவில்லை என்றால் தொடுகைதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட முடியாது. பெரிய புரதமாகவும் இருக்கலாம்.

இனி கலந்து வளர்ப்பது. இதில் நடப்பது அனைத்தும் சேர்ந்து நடக்கிறது: உணவுப் போட்டி, அமிலம், நச்சு, தொடுகை, சில நேரம் ஒன்றுக்கொன்று உதவியும்கூட. யார் ஜெயிக்கிறார் என்ற கேள்விக்கு நேரடி விடை இங்கேதான் இருக்கிறது. ஏன் ஜெயிக்கிறார் என்பதை இது தனியே சொல்லாது. அந்தக் குறையைத் தெரிந்துகொண்டே இதை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதற்குக் காரணம் தேடுவது வீண் உழைப்பு.

கலந்தபின் எண்ணுவதுதான் பெரிய வேலை. ஒளிமானியில் கலங்கல் அளவைப் பார்த்தால் மொத்தம் தெரியும், யார் எத்தனை என்று தெரியாது. ஒளிரும் புரதமேற்றி, செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அறியும் ஓட்ட செல்மானியில் எண்ணுவது அழகான வழி. அந்தக் கருவிக்கு நம்மில் பலர் ஊர்விட்டு ஊர் போகவேண்டும். லூக்கோநாஸ்டாக், என்டரோகாக்கஸ் இணையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது இதற்காகத்தான். லூக்கோநாஸ்டாக்குக்கு வான்கோமைசின் என்ற மருந்தை இயல்பாகவே தாங்கும் தன்மை உண்டு. மில்லிலிட்டருக்கு 30 மைக்ரோகிராம் சேர்த்த தட்டில் அது மட்டும் முளைக்கும். என்டரோகாக்கஸ் 45 டிகிரி வெப்பத்திலும் வளரும்; லூக்கோநாஸ்டாக் அங்கே வளராது. ஒரே கலவையிலிருந்து எடுத்த துளியை வான்கோமைசின் தட்டில் பரப்பி 28 டிகிரியிலும், மருந்தில்லாத தட்டில் பரப்பி 45 டிகிரியிலும் வைத்தால் இரண்டு எண்ணிக்கையும் தனித்தனியே கிடைக்கும். தொடங்கும்முன் தூய வளர்ப்புகளை வைத்துச் சரிபாருங்கள். வான்கோமைசினைத் தாங்கும் என்டரோகாக்கஸும் உலகில் இருக்கிறது. நீங்கள் பிரித்தெடுத்தது அப்படிப்பட்டதாக இருந்தால் அதைப் பெருக்காதீர்கள், வழிகாட்டியிடம் சொல்லி முறைப்படி அழித்துவிடுங்கள். மருந்தைத் தாங்காத என்டரோகாக்கஸும்கூட உடல்நலம் குன்றியவர்களுக்கு நோய் தரக்கூடியதே. கையுறை இல்லாமல் தொடவேண்டாம்.

மூன்றாவதாகச் சுக்ரோஸ் தட்டு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைச் சரிபார்க்க உதவும். லாக்டிக் அமிலப் பாக்டீரியாவை வளர்க்கும் எம்.ஆர்.எஸ். ஊடகத்தில் குளுக்கோஸுக்குப் பதில் சுக்ரோஸ் சேர்த்தால், லூக்கோநாஸ்டாக் அதிலிருந்து டெக்ஸ்ட்ரான் என்ற கோந்தை உண்டாக்கும். இரண்டு நாளில் அதன் காலனிகள் (தட்டில் செல்கள் பெருகித் தெரியும் புள்ளிகள்) நுங்குபோலத் திரண்டு பளபளக்கும். தட்டைச் சாய்த்தால் சில வழிந்து அண்டைக் காலனியோடு ஒட்டிக்கொள்ளும். என்டரோகாக்கஸ் காலனிகள் சிறியவை, விளிம்பு தெளிந்தவை, சாய்த்தாலும் அசையாதவை. ஒரு தட்டில் 30 முதல் 300 காலனி வரை இருக்கும்படி நீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பொது விதி இங்கே போதாது. கோந்துக் காலனிகள் ஒன்றையொன்று விழுங்குவதால் 100-க்குள் நிறுத்துவது நல்லது. கோந்து உண்டாக்காத லூக்கோநாஸ்டாக் வகைகளும் இருப்பதால், உங்களுடையது உண்டாக்குகிறதா என்று தூய வளர்ப்பில் முதலில் பார்த்துவிடுங்கள்.

எண்ணிக்கை கையில் வந்தபின் கணக்கு எளிது. ஒவ்வோர் இனமும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எத்தனை மடங்கு ஆனது என்று பார்த்து, அந்த மடங்குகளின் மடக்கைகளை ஒன்றால் ஒன்றை வகுக்க வேண்டும். ஒன்று 100 மடங்கும் மற்றது 10 மடங்கும் பெருகினால் விடை 2. அமெரிக்காவில் லென்ஸ்கி 1988-இல் 12 ஈ.கோலை கூட்டங்களோடு தொடங்கிய நெடுங்கால ஆய்வில் தகுதியை அளப்பது இப்படித்தான். மூதாதையையும் வழித்தோன்றலையும் ஒரே குடுவையில் போட்டியிட வைத்து, தட்டில் ஒன்று சிவப்பாகவும் மற்றது வெளிறியும் தெரியும்படி அடையாளம் வைத்திருக்கிறார்கள். அந்த அடையாளமே போட்டியில் யாருக்காவது சாதகமா என்று தனியே சோதித்தும் இருக்கிறார்கள். நிறம் ஏற்றிய இனத்தை வைத்து ஆய்வு செய்யும் எவரும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக்கூடாது.

கலவையின் விகிதத்துக்கு மாணவர்கள் தரும் கவனம் போதவில்லை. எல்லாரும் சரிபாதி கலந்து ஒருமுறை பார்த்து முடித்துவிடுகிறார்கள். சரிபாதியில் ஜெயித்த இனம், நூற்றுக்கு ஒன்றாக நுழையும்போதும் ஜெயிக்குமா? கோலிசின் சுரக்கும் ஈ.கோலையைச் சாவ், லெவின் என்ற இருவர் 1981-இல் ஆராய்ந்தபோது, நீர் ஊடகத்தில் அது ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இருந்தால்தான் முன்னேறியது. அதற்குக் குறைந்தால், நச்சு சுரப்பதன் செலவு அதன் தலையில், நச்சால் கிடைக்கும் பயன் எல்லாருக்கும் என்றாகிப் பின்தங்கியது. ஆகவே 1:1, 1:9, 9:1 என்று மூன்று விகிதமாவது வையுங்கள்; மொத்தச் செல் எண்ணிக்கை மூன்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும். முடிந்தால் 1:99-ம் சேருங்கள். சிறுபான்மையாக நுழையும்போது இரண்டு இனங்களுமே ஏறினால் அவை சேர்ந்து வாழக்கூடியவை. பெரும்பான்மையாக இருக்கும்போது மட்டும் இரண்டும் ஏறினால், முதலில் இடம்பிடித்தவரே நிலைப்பார்.

குலுக்குவதா வேண்டாமா என்பதை ஒரு சிறிய நடைமுறைக் குறிப்பாக எண்ணிக் கடந்துபோகிறார்கள். முடிவையே தலைகீழாக்கக்கூடியது அது. சாவும் லெவினும் அதே இனங்களை கூழ்போல உறையும் மென்மையான அகாரில் அசையாமல் வைத்தபோது, நச்சு சுரப்பவை மிகச் சிறிய எண்ணிக்கையில் தொடங்கியும் முன்னேறின. ஏனெனில் தம்மைச் சுற்றி எதிரியை அழித்துக் கிடைத்த உணவைத் தாமே உண்டன. 2002-இல் கெர் குழுவினர் நச்சு சுரப்பவை, நச்சுக்குச் சாகிறவை, நச்சைத் தாங்குகிறவை என மூன்று வகை ஈ.கோலையைச் சேர்த்து விட்டார்கள். குலுக்கிய குடுவையில் தாங்குகிறவை மட்டுமே மிஞ்சின. அசையாத தட்டில் மூன்றும் நிலைத்தன.

மாவு எப்படி இருக்கிறது? எங்கள் பக்கத்து வீடுகளில் ஆச்சிமார் இராத்திரி மாவைக் கரைத்து மூடிவைத்தால் காலைவரை கரண்டி போடுவதில்லை. கெட்டியான, யாரும் அசைக்காத ஊடகம் அது. அந்தச் சூழலில் நடக்கும் போட்டியைக் குலுக்கியில் சுழலும் தெளிந்த நீரில் அளந்து 'மாவில் இப்படி' என்று எழுதுவது முறையாகாது. மாவையே ஊடகமாக வைக்கலாமே என்று கேட்பீர்கள். கிருமி நீக்க ஆட்டோகிளேவில் வைத்தால் வெந்து களியாகிவிடும். அதனால் எம்.ஆர்.எஸ். நீரூடகத்தில் 0.3 முதல் 0.5 விழுக்காடு அகார் சேர்த்து, இரண்டு இனங்களையும் கலந்து, அசையாமல் வைப்பதைச் சிறந்த இடைவழியாகக் கருதுகிறேன். எண்ணும் நேரம் வந்ததும் முழுக்குழாயையும் கரைத்து எண்ண வேண்டும். ஒரே குழாயிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுக்க முடியாது. ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் தனிக் குழாய் என்று தொடக்கத்திலேயே கணக்கிட்டு வையுங்கள். செலவு சற்றுக் கூடும், அதற்குத் தகும்.

வெப்பநிலையைச் செட்டிநாட்டில் இருப்பவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். லூக்கோநாஸ்டாக் 20 முதல் 30 டிகிரி வரை செழிக்கும். என்டரோகாக்கஸுக்கு 37 டிகிரி உகந்தது. மார்கழியில் ஆய்வக மேசையில் செய்த சோதனையும் அக்கினி நட்சத்திரத்தில் அதே மேசையில் செய்த சோதனையும் எதிரெதிர் வெற்றியாளரைக் காட்டினால் வியப்படைய ஒன்றுமில்லை. 'அறை வெப்பநிலை' என்று குறிப்பேட்டில் எழுதுவதை விட்டுவிடுங்கள். இன்குபேட்டரில் 28, 37 என்று இரண்டு வெப்பநிலைகளிலும் வைத்துப் பார்த்தால் ஆய்வேடு உறுதியாகும். கோடையில் மாவு ஏன் வேறு மாதிரி புளிக்கிறது என்ற கேள்விக்கும் ஓரளவு விடை கிடைக்கும். ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 1963-இல் கண்டறியப்பட்ட கொல்லி ஈஸ்ட்டின் கே-1 நச்சு, பி.எச். 4.6 அளவிலான அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும், 25 டிகிரிக்கு மேல் விரைவில் செயலிழக்கும். குளிர்விக்கும் வசதியுள்ள இன்குபேட்டர் இல்லாமல் அந்தத் தலைப்பை எடுக்கவேண்டாம்.

விலங்குச் செல்களில் போட்டியை ஆராயப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை கொஞ்சம் மாறும். அங்கே செல்கள் தட்டின் அடியில் ஒட்டி, தோளோடு தோள் உரசி வளர்கின்றன. ஒன்றையொன்று நெருக்கி வெளியேற்றுவதும் போட்டியின் வழி. நாயின் சிறுநீரகத்திலிருந்து வந்த எம்.டி.சி.கே. செல்களில் ஸ்கிரிபிள் மரபணுவை அடக்கியவை, இயல்பான செல்களின் நெருக்கத்தால் அழிவது காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே கலப்பையும் சவ்வையும் அங்கே முதல் நாளிலிருந்தே இணையாக வைப்பது நல்லது. பரிசோதனைக்கு எடுத்த செல் உண்மையில் எந்தச் செல் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். 1966-இல் கார்ட்லர், வெவ்வேறு பெயரில் உலவிய 18 செல் வரிசைகளிலும் ஒரே வகை நொதியைக் கண்டு, அவை அனைத்தும் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களால் மாசுபட்டவை என்று அறிவித்தார். யாரும் கலக்காமலே நடந்துமுடிந்த கலப்பு வளர்ப்பு அது.

மாவுத் தலைப்புக்கு ஒரு பருவமே இருக்கிறது என்றால் வேலையை இப்படிப் பிரிப்பேன். முதல் மாதம் இரண்டு இனங்களையும் பிரித்தெடுத்து, மூன்று தட்டுகளையும் தூய வளர்ப்பில் சரிபார்ப்பதற்கு. அடுத்த இரண்டு மாதம் மென் அகாரில் மூன்று விகிதம், இரண்டு வெப்பநிலை. ஒப்பிட்டுப் பார்க்கக் குலுக்கிய குடுவையில் 1:1 மட்டும். வெற்றி தோல்வி தெளிவாகத் தெரிந்த ஒரு நிலையை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய நாட்களில் அதற்கு மட்டும் வடிநீரின் நான்கு பங்குகளும் டயாலிசிஸ் குழாயும். நேரம் போதாவிட்டால் டயாலிசிஸை விடலாம், விகிதங்களை விடக்கூடாது. வான்கோமைசின் வந்துசேர நாளாகலாம். தலைப்பு முடிவான அன்றே அதற்கு எழுதிப் போடுங்கள்.